பனிப்பலகையில் விழுந்த கிரகணம்

பனிப்பொழிவை அளப்பதற்கு அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வானிலை ஆர்வலர்கள் வைத்திருக்கும் கருவிகளுள் மிக எளியது, 16 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உடைய, வெள்ளை வண்ணம் பூசிய ஒரு பிளைவுட் துண்டாகும். புல்தரையில் விழும் பனியைப் புல்நுனிகள் தாங்கிக்கொள்வதால் அங்கே உயரம் மிகையாகத் தெரியும் என்பதாலும், தார்ச்சாலையில் விழுவது தரையின் சூட்டில் உருகிவிடும் என்பதாலும், வெயிலை அதிகம் உள்வாங்காத இந்த வெண்பலகையைக் காற்று சுழன்றடிக்காத திறந்த வெளியில் கிடத்தி, அதன்மேல் படிந்த பனியின் உயரத்தை அளவுகோலால் அங்குலத்தில் பத்திலொரு பங்குவரை குறித்துக்கொள்வார்கள். பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூரின் வீட்டுக் கொட்டகையில், வண்ணம் உரிந்து மூலை உப்பிப்போன அப்படியொரு பலகை இன்றும் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. பல குளிர்காலங்களின் பனியோடு ஒரு முழுச் சூரிய கிரகணத்துக்கும் பயன்பட்ட பலகை என்பதால், அதைக் காண்போருக்கு இரண்டின் நினைவும் சேர்ந்தே வருகிறது.

பலகைக்கு உரியவர் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர். அவரைச் சுற்றி ஒரு தபால்காரர், இரவுப்பணி பார்க்கும் செவிலியர் ஒருவர், கணினி வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழர் ஒருவர் எனச் சிலர், புயல் நெருங்கும் நாள்களில் மட்டும் கூடும் ஒரு குழுவாக அமைந்திருந்தனர். காவிரிக் கரையில் மழையை எதிர்பார்த்து வளர்ந்தவருக்கு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது புதிதன்று. ஆனால் விழுந்ததை அளந்து, எழுதி, மறுநாள் பக்கத்து ஊர்க்காரருடைய அளவோடு ஒப்பிட்டு வாதிடும் வழக்கத்தை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அந்த வழக்கத்துக்கு நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்குப் பகுதியில் நீண்ட வேர் உண்டு. பாஸ்டனுக்குத் தெற்கே மில்டன் ஊரின் புளூ ஹில் குன்றில், ஆபட் லாரன்ஸ் ராட்ச் என்ற செல்வந்த இளைஞர் 1885-இல் தம் சொந்தப் பணத்தில் நிறுவிய வானிலைக் கூடம் இன்றளவும் பதிவு எடுத்துவருகிறது. அதே ஆண்டில்தான் வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ ஊர் விவசாயியான வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியைக் கேமராவோடு பொருத்திப் பனித்துகளை முதன்முதலாகப் படம் பிடித்தார். 1931-இல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அவரை ஊரார் நெடுங்காலம் வேலையற்றவராகவே கருதினர் என்பது வானிலை ஆர்வலர்கள் இன்றும் தமக்குள் சொல்லி மகிழும் செய்தி. 1890-இல் தொடங்கிய அரசின் தன்னார்வப் பதிவாளர் திட்டமும், கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரை 1997-இல் தாக்கிய வெள்ளத்தைத் தொடர்ந்து 1998-இல் உருவான பொதுமக்கள் மழையளவு வலையமைப்பும், இத்தகையோரின் குறிப்பேடுகளைப் பயனுள்ள தரவாக மாற்றின.

பனியின் உயரத்தை அளப்பது பாதி வேலைதான். அதற்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே வெள்ளம் வருமா, கூரை தாங்குமா என்பதைச் சொல்லும். இதற்கென உள்ள மழைமானி, நான்கு அங்குல விட்டமுள்ள வெளி உருளையும், அதற்குள் ஒரு புனலும், மழையின் உயரத்தைப் பத்து மடங்காகப் பெருக்கிக் காட்டும் மெல்லிய உள்குழாயும் கொண்டது. குளிர்காலத்தில் புனலையும் குழாயையும் எடுத்துவிட்டு வெளி உருளையை மட்டும் வெட்டவெளியில் நிறுத்துவார்கள். காலை ஏழு மணிக்கு அந்த உருளையைச் சமையலறைக்குள் கொண்டுவந்து, உள்குழாயில் அளந்தெடுத்த வெந்நீரை அதில் ஊற்றிப் பனியைக் கரைத்து, மொத்தத்தையும் மீண்டும் குழாயில் அளந்து, ஊற்றிய வெந்நீரின் அளவைக் கழிக்க வேண்டும். பத்து அங்குலப் பனிக்கு ஓர் அங்குல நீர் என்பது பொதுக்கணக்கு. உலர்ந்த கடுங்குளிர்ப் பனியில் அதே ஓர் அங்குல நீருக்கு இருபது அங்குலம் தேவைப்படலாம், மார்ச் மாதத்து ஈரப்பனியில் ஐந்தே போதலாம். அடுப்பில் தேநீர் கொதிக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் உருளையைச் சுழற்றிச் சுழற்றிப் பனி கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை அந்த வீட்டின் மற்றவர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டனர் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. பத்திலொரு அங்குலத்துக்கும் குறைவாகத் தூவிச் சென்ற பனிக்கு, 'சுவடு' என்ற பொருளில் ஒற்றை எழுத்தைப் பதிவேட்டில் இடுவார்கள். அந்த எழுத்தை இடுவதற்காகவும் முதியவர் சட்டைமேல் சட்டை அணிந்து வெளியே போய்ப் பலகையைக் குனிந்து பார்ப்பதுண்டு.

அப்பகுதியின் பெரும்பனிக்குக் காரணமாவது, 'நார்ஈஸ்டர்' எனப்படும் கடலோரப் புயலாகும். கரைக்கு வடகிழக்கிலிருந்து காற்று வீசுவதால் அப்பெயர் பெற்ற இது, கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான ஈரக்காற்றும் மோதும் இடத்தில் வலுப்பெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். வடக்கு அட்சரேகை 40 டிகிரியும் மேற்குத் தீர்க்கரேகை 70 டிகிரியும் சந்திக்கும் கடற்புள்ளியை ஆர்வலர்கள் ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வார்கள்: புயலின் மையம் அதனருகே சென்றால் பாஸ்டனுக்குப் பனி, மிகவும் மேற்கே ஒட்டி வந்தால் மழை, கிழக்கே விலகினால் ஒன்றுமில்லை. மழையா பனியா என்பதைக் கணிக்க அவர்கள் பார்ப்பது, 1000 மில்லிபார் அழுத்த மட்டத்துக்கும் 500 மில்லிபார் மட்டத்துக்கும் இடைப்பட்ட காற்றடுக்கின் தடிப்பு. குளிர்ந்த காற்று சுருங்கும் என்பதால், அத்தடிப்பு 5,400 மீட்டருக்குக் குறைவாக உள்ள பகுதியில் பனியை எதிர்பார்க்கலாம் என்பது தோராயமான விதி. அந்தக் கோடு தம் வீட்டுக்கு வடக்கே ஓடுகிறதா தெற்கே ஓடுகிறதா என்பதில்தான் அவர்களுடைய உறக்கம் கெட்டது.

உறக்கம் கெடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உலகெங்கும் வானிலைப் பலூன்கள் ஒரே நேரத்தில் நாளுக்கு இருமுறை ஏவப்படுகின்றன. அந்த நேரம் பாஸ்டனில் குளிர்காலத்துக் காலை ஏழும் இரவு ஏழும் ஆகும். அந்த அளவீடுகளை உள்வாங்கி அமெரிக்க, ஐரோப்பியக் கணினி மாதிரிகள் கணித்துத் தரும் வரைபடங்கள் வந்து முடிய நள்ளிரவு கடந்துவிடும் என்பதால், புயலுக்கு முந்திய நாள்களில் குழுவினர் அனைவரும் அந்நேரம்வரை விழித்திருப்பார்கள். இந்த வசதி வருவதற்கு முன்பு, தம் இளமையில், 162 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நாள் முழுதும் வறண்ட குரலில் வாசிக்கப்படும் வானிலை வானொலியைப் படுக்கையருகே வைத்துக்கொண்டு, கண்ணாடிக் குழாய்க் காற்றழுத்தமானியின் பாதரசம் இறங்குவதைக் கைவிளக்கு அடித்துப் பார்த்ததாக முதியவர் சொல்வார். 1982-இல் வானிலைக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியபோது தம் வீட்டில் வேறெதுவும் பார்க்க முடியாமற்போனதையும் அவர் மறைத்ததில்லை. கருவிகள் எவ்வளவோ மாறியும் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை: பனி தொடங்கிவிட்டதா என்றறிய எல்லோரும் திரைச்சீலையை விலக்கித் தெருவிளக்கின் கீழே பார்ப்பார்கள், விளக்கொளியில்தான் முதல் துகள் கண்ணுக்குத் தென்படும்.

ஊராரின் முன்னேற்பாடு வேறு வகையானது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் கடைகளில் பால், ரொட்டி, முட்டை மூன்றும் தீர்ந்துபோவதால், நியூ இங்கிலாந்து மக்கள் பனி பெய்தால் இம்மூன்றாலும் செய்யும் பிரெஞ்சு டோஸ்ட் மட்டுமே உண்பர் என்ற கேலி அங்கே வெகுகாலமாக வழங்குகிறது. கேலிக்குப் பின்னே 1978 பிப்ரவரியின் நினைவு இருக்கிறது. பாஸ்டனில் 27.1 அங்குலப் பனியைக் கொட்டிய அந்தப் புயலில், நகரைச் சுற்றியுள்ள 128-ஆம் நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நின்ற இடத்திலேயே புதைந்தன. அதை நேரில் கண்ட தலைமுறை இன்றும் காரில் ஒரு போர்வையும் மண்வாரியும் இல்லாமல் டிசம்பரில் வெளியே போவதில்லை. குழுவினரின் ஆயத்தமோ பலகையைத் துடைப்பது, அது புதைந்தால் கண்டெடுக்க அருகே ஒரு கொடிக்குச்சி நடுவது, மழைமானியின் உள்குழாயைக் கழற்றுவது, கைவிளக்குக்குப் புது பேட்டரி போடுவது என்பதோடு முடிந்துவிடும். பால் வாங்க மறந்து மனைவியிடம் திட்டு வாங்கியவர் தபால்காரர் மட்டுமல்லர்.

கணிப்பு பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு. 1993 மார்ச்சில் ஃபுளோரிடா முதல் மெய்ன் வரை தாக்கிய பெரும்புயலைக் கணினி மாதிரிகள் பல நாள்கள் முன்பே காட்டிவிட்டன; வானிலைக் கணிப்பின் திருப்புமுனையாக அது கருதப்படுகிறது. 2015 ஜனவரியிலோ, இரண்டு முதல் மூன்று அடிவரை பனி விழும் என அஞ்சிச் சுரங்க ரயிலையே நிறுத்திய நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலமே விழுந்தது. அதே புயல் மாசச்சூசெட்ஸின் வுஸ்டர் நகரில் 34 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. புயலின் பாதை சற்றுக் கிழக்கே நகர்ந்ததே இவ்வளவுக்கும் காரணம். பொதுமக்கள் கணிப்பாளர்களை ஏசிய அந்த வாரத்தில், வுஸ்டருக்கு அருகில் இருந்த இக்குழுவினர் கொடிக்குச்சியின் நுனியை மட்டும் பார்த்துப் பலகையைத் தோண்டியெடுத்துக்கொண்டிருந்தனர். அக்குளிர்காலத்தில் பாஸ்டனில் விழுந்த மொத்தப் பனி 110.6 அங்குலம், துறைமுகப் பகுதியில் லாரிகள் கொண்டுவந்து குவித்த பனிமலை, குப்பையும் கரியும் மூடிய கட்டியாகச் சிறுத்து, ஜூலை 14 அன்றுதான் முற்றிலும் கரைந்தது. அது எந்த நாளில் கரையும் என்று நகர மக்கள் பந்தயம் கட்டினர்.

இத்தகைய மனிதர்களுக்குக் கிரகணம் ஒரு புதிரான விருந்தாளி. சந்திரன் சூரியனை முழுதும் மறைக்கும் நேரத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கணித்துவிட முடியும்; நிழலின் விளிம்பு எந்தத் தெருவில் விழும் என்பதையும் சொல்லிவிடலாம். 1925 ஜனவரி 24 அன்று கடுங்குளிர்க் காலையில் நியூயார்க் நகரின் வடபகுதியைக் கடந்த கிரகணத்தின்போது, மின்நிறுவன ஊழியர்களைத் தெருவுக்கு ஒருவராக மாடிகளில் நிறுத்திக் கேட்டதில், நிழலின் விளிம்பு 96-ஆம் தெருவை ஒட்டி விழுந்தது உறுதியாயிற்று. இவ்வளவு துல்லியமும் ஒரு மேகத்துக்கு முன்னால் பயனற்றுப் போகும். 1959 அக்டோபர் 2 அன்று மாசச்சூசெட்ஸில் சூரியன் உதிக்கும்போதே நிகழ்ந்த முழுக்கிரகணத்தை மேகம் மூடிவிட்டது. ஹார்வர்டில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஜே பாசகாஃப் என்ற மாணவர், பேராசிரியர் டொனால்ட் மென்செலுடன் ஒரு விமானத்தில் ஏறி மேகத்துக்கு மேலே சென்று அதைக் கண்டார். வில்லியம்ஸ் கல்லூரியின் வானியல் பேராசிரியராகிப் பின்னாளில் எழுபதுக்கும் மேற்பட்ட கிரகணங்களைத் தேடி உலகைச் சுற்றிய அவர், தம் சொந்த வட்டாரத்துக்கு 2024-இல் முழுக்கிரகணம் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னதாக, 2022-இல் காலமானார்.

2024 ஏப்ரல் 8-ஆம் நாள் கிரகணத்தின் பாதை மெக்சிகோவில் கரையேறி, டெக்சஸ், ஆர்கன்சா, இண்டியானா, ஒஹாயோ வழியாக வந்து, நியூயார்க்கின் பஃபலோவையும் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநிலங்களின் வடபகுதிகளையும் கடந்தது. பல்லாண்டுகளின் செயற்கைக்கோள் படங்களிலிருந்து மேகமூட்டத்தின் சராசரியைத் தொகுத்த கனடா நாட்டு வானிலையாளர் ஜே ஆண்டர்சனின் வரைபடங்கள், தெற்கே போகப்போக வானம் தெளிவு என்றும், ஏப்ரல் தொடக்கத்து நியூ இங்கிலாந்தில் நம்பிக்கை குறைவு என்றும் காட்டின. ஆகவே நாடெங்கிலும் பலர் ஓராண்டுக்கு முன்பே டெக்சஸில் அறை எடுத்துவிட்டனர். இக்குழுவில் செவிலியர் டெக்சஸையே வற்புறுத்தினார், முதியவர் மறுத்தார். பல்லாண்டுச் சராசரி ஒரு நாளின் வானத்தை ஆள்வதில்லை என்பதும், சராசரிக்கு மாறாகக் கொட்டிய பனியைத்தானே இத்தனை காலமும் பலகையில் அளந்தோம் என்பதும் அவருடைய வாதம். அந்த வாதத்தில் தருக்கத்தைவிடப் பிடிவாதமே மிகுதி என்றுதான் மற்றவர்கள் அன்று கருதினர். இறுதியில், எங்கும் முன்பணம் கட்டுவதில்லை என்றும், கடைசி மூன்று நாள் கணிப்பைப் பார்த்து, காரில் போகக்கூடிய தொலைவுக்குள் இடத்தை முடிவுசெய்வது என்றும் உடன்பாடு ஏற்பட்டது.

கிரகணத்துக்கு நான்கு நாள் முன்பு ஒரு நார்ஈஸ்டர் வந்து வட நியூ இங்கிலாந்தில் கனத்த ஈரப்பனியைக் கொட்டியது. மெய்னில் இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றது. வாழ்நாள் முழுதும் பனியை வரவேற்றவர்கள் முதன்முறையாக அதை வேண்டாம் என்ற வாரம் அதுவே. பலகை அன்றும் அளவு காட்டியது, ஆனால் அளந்தவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அதன்பின் வரைபடங்களில் ஒரு மாற்றம் தெரிந்தது: புயலுக்குப் பின்னால் உயர் அழுத்த மண்டலம் ஒன்று நியூ இங்கிலாந்தின்மேல் வந்து அமர்வதாகவும், டெக்சஸில் மேகமும் இடியும் கூடுவதாகவும் அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகள் இரண்டும் ஒத்துச் சொல்லத் தொடங்கின. உயர் அழுத்தத்தில் காற்று மேலிருந்து கீழ்நோக்கி அமிழ்ந்து, வெப்பமடைந்து உலர்வதால் மேகம் உருவாகாது. செவிலியர் அதன்பின் டெக்சஸைப் பற்றிப் பேசவில்லை.

பயணத்துக்கான ஆயத்தம் புயலுக்கான ஆயத்தத்தையே ஒத்திருந்தது: நிரம்பிய பெட்ரோல் தொட்டி, போர்வை, மண்வாரி, ரொட்டி, பால், கைப்பேசி வலையமைப்பு திணறினால் உதவுவதற்கு ஒரு காகித வரைபடம். பனி உருகி மண்சாலைகள் சேறாகும் பருவம் என்பதால் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாமென வெர்மான்ட் அதிகாரிகள் எச்சரித்திருந்தனர். கனடா எல்லையை ஒட்டிய நியூபோர்ட் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையின் ஓரத்தில், விடியுமுன் புறப்பட்ட கார் நின்றது. வயலோரங்களில் பழம்பனி திட்டுத்திட்டாகக் கிடக்க, வானத்தில் ஒரு மேகமும் இல்லை. குழுவிலிருந்த தமிழரின் தாயார் தஞ்சாவூரிலிருந்து கைப்பேசியில், "கிரகணத்தை நிமிந்து பாக்காதடா, சாப்பிட்டது எதையும் மிச்சம் வைக்காத, முடிஞ்சதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்க" என்று சொல்லியிருந்தார். முன்பு கிரகண நாளில் அவ்வீட்டில் ஊறுகாய் ஜாடிமீது தர்ப்பை போட்டுக் கதவடைத்துக் கிடந்தது போக, இப்போது மகன் கிரகணக் கண்ணாடி வழியாகப் பார்ப்பான் என்று தெரிந்தும் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டது, அத்தாயார் கண்ட மாற்றம்.

முதியவர் பனிப்பலகையைத் தரையில் கிடத்தினார். முழு மறைப்புக்குச் சற்று முன்பு, சூரியனின் மெல்லிய கடைசிக் கீற்றொளி வளிமண்டலத்தின் கொந்தளிப்பில் விலகி, தொட்டி நீரின் அடியில் நெளியும் கோடுகளைப் போல இருளும் ஒளியும் மாறிமாறி ஓடும். 'நிழல் பட்டைகள்' எனப்படும் இவற்றைக் காண வெண்பரப்பு வேண்டும் என்பதால், பல ஆண்டுகளாகப் பனிக்குப் பயன்பட்ட பலகை அன்று திரையாயிற்று. தபால்காரர் வெப்பமானியை நிமிடத்துக்கொருமுறை வாசிக்க, செவிலியர் எழுதினார். வெப்பநிலை பத்து பாரன்ஹீட் டிகிரிக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கியது. பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்று முன் மேற்கேயிருந்து இருள் வந்து மூடியபோது, கரிய வட்டத்தைச் சுற்றிக் கொரோனா எனப்படும் சூரியனின் வெளி வளிமண்டலம் வெண்மையாக விரிந்தது. கீழ்விளிம்பில் செந்நிறத் தீப்பொறியாக ஒரு சூரியத் தழல் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் வியாழனும் ஒளிர்ந்தன. மூன்று நிமிடத்துக்கு மேல் நீடித்த அந்த இருளில் எழுதும் பொறுப்பிலிருந்தவர் எழுத மறந்தார். பதிவேட்டில் அவ்விடம் வெற்றாகவே உள்ளது. நிழல் பட்டைகளைப் பலகைமேல் கண்டதாக இருவர் இன்றும் சாதிக்கின்றனர், ஒருவர் மறுக்கிறார், எடுத்த காணொளியில் எதுவும் தெரியவில்லை.

அன்று டெக்சஸின் பல இடங்களில் மேகம் விளையாடியது. ஒரு பெரிய கிரகண விழா வானிலை அச்சத்தால் முன்கூட்டியே முடிக்கப்பட்டது. பஃபலோவில் பெரும்பாலோர் இருட்டை மட்டும் கண்டனர். மோசமென்று சராசரி சொன்ன மெய்னிலும் வெர்மான்டிலும் வானம் திறந்திருந்தது. திரும்பும் வழியில், நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிராங்கோனியா கணவாயில் நெடுஞ்சாலை திசைக்கொரு தடமாகக் குறுகுவதால், கார்கள் நள்ளிரவுவரை ஊர்ந்தன. 1978-ஐ நினைத்து வைத்த போர்வை அங்கேதான் பயன்பட்டது. முதியவரின் வாதம் வென்றது என்று சொல்வது மிகை. டெக்சஸிலும் இடைவெளி கிடைத்து முழுதும் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் முன்பணம் கட்டாமல் கடைசி மூன்று நாள்வரை காத்திருந்த முடிவு சரியானது. அந்தப் பொறுமை பனிப்புயல்களை எதிர்பார்த்துப் பலமுறை ஏமாந்தவர்களுக்கு மட்டுமே எளிதில் வருவது.

நியூ இங்கிலாந்துக்கு அடுத்த முழுச் சூரிய கிரகணம் 2079 மே 1 அன்று, சூரியன் உதிக்கும் வேளையில் வரும். இந்தியாவுக்கோ அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை: 2034 மார்ச் 20 அன்று முழு மறைப்பின் பாதை ஜம்மு-காஷ்மீர், லடாக் மலைப்பகுதியைக் கடக்கிறது. மார்ச் மாதத்தில் அங்கே பனி கிடக்கும், கணவாய்ச் சாலைகள் மூடியிருக்கவும் கூடும்; ஆகையால் போக நினைக்கும் தமிழ் வாசகர்கள் கிரகணக் கண்ணாடியோடு கம்பளியும் எடுத்துக்கொண்டு, விடுதிக்கு முழுப்பணம் கட்டுமுன் கடைசி வாரத்து வானிலைக் கணிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.